சின்ன ஐயர் நோட்டில் வலப்பக்கம்

6 ஆகஸ்ட் 1985, செவ்வாய்

பேராயர் அலுவலகத்திலிருந்து படிவம் வந்துவிட்டது. நாலு பக்கம். சின்ன ஐயருக்கு, அதாவது எங்கள் பயிற்சிப் போதகருக்கு, குருப்பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று திண்டிவனம் சபை எழுதி அனுப்ப வேண்டும். நவம்பர் கடைசிக்குள். கமிட்டிச் செயலாளர் நான்தான் என்பதால் நிரப்ப வேண்டியவனும் நான்தான். வக்கீல் ஆபீசில் பகல் முழுக்க ஊரார் மனுக்களை டைப் அடிக்கிறேன். இப்போது இதுவும்.

முதல் கேள்வி: பயிற்சி ஊழியருக்கு என்னென்ன தெரிந்திருக்கிறது? இரண்டாவது: என்னென்ன தெரியவில்லை? இரண்டாவதற்கு இடம் போதாது.

பெயர் பச்சைமுத்து. வயது இருபத்தெட்டு. கண்டாச்சிபுரம் பக்கம், எங்களைப் போலவே சேரிக்காரர். இறையியல் கல்லூரியில் நாலு வருஷம். கிரேக்கம் தெரியும், எபிரேயம் தெரியும். பாட வராது. பிரசங்கத்தைத் தாள் பார்த்துப் படிக்கிறார். பெரிய ஐயர் விழுப்புரத்தில் இருக்கிறார். மாதம் ஒரு ஞாயிறு வந்து நற்கருணை கொடுத்துவிட்டு பஸ் பிடிப்பார். மற்ற ஞாயிறெல்லாம் இவர்தான் எங்களுக்கு.

11 ஆகஸ்ட், ஞாயிறு

என் அபிப்பிராயத்தை மட்டும் எழுதினால் நியாயமில்லை என்று வீடு வீடாகப் போனேன். ஒரே கேள்விதான்: "ஐயருக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?"

"கீர்த்தனைய எடுத்துக் குடுக்கத் தெரியணும். நாங்க எடுத்து அவரு பின்னால வந்தா அது இன்னா ஐயரு?"

"கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறப்ப பேரை மாத்தி வாசிக்கக் கூடாது. போன ஐயரு என் தங்கச்சி பேருக்கு என் பேரை வாசிச்சுட்டாரு."

"பேய் ஓட்டணும்."

"என் மருமவனைக் கூப்ட்டுக் கேக்கணும். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி."

"ஜல்தியா முடிக்கணும்பா. கறி தீஞ்சிபூடுது."

இருபது வீட்டில் ஒருவரும் கிரேக்கம் கேட்கவில்லை. கமிட்டித் தலைவர் துரைக்கண்ணு வாத்தியார் மட்டும், "வேதத்துல எங்க கேட்டாலும் சொல்லணும்டா. நான் கேப்பேன்," என்றார். அறுபத்தைந்து வயதிலும் அவருக்குப் பரீட்சை வைக்க ஆள் வேண்டும்.

வெள்ளையம்மாள் அக்கா மடியில் முறத்தோடு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து படுக்கையிலேயே கிடந்த அவள் மகன் போன வருஷம் இறந்துபோனான். பன்னிரண்டு வயது. "வந்தா உக்காரத் தெரியணும். எல்லாரும் நின்னுக்கினே ஜெபம் பண்ணிட்டுப் போயிடுறாங்க," என்றாள்.

இதைப் படிவத்தில் எந்தக் கேள்விக்குக் கீழே போடுவது?

நான் கேட்பது வேறு. எங்கள் தெருவுக்குப் பட்டா இல்லை. தாத்தா காலத்திலிருந்து இல்லை. கர்த்தருக்குள் வந்தோம் என்பதற்காக அரிசனச் சலுகையும் இல்லை. அதனால்தான் அப்பா என்னைச் சபைப் பதிவேட்டில் யோசுவா என்றும் பள்ளிக்கூடத்தில் முருகையன் என்றும் எழுதி வைத்தார். ஐயர் என்று ஒருவர் வந்தால் தாலுகா ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

22 ஆகஸ்ட், வியாழன்

பட்டா விஷயமாகச் சின்ன ஐயரைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒரு மணி நேரம் நிற்க வைத்தார்கள். நான் கத்தினேன். குமாஸ்தாவும் கத்தினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்! ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளை அங்கி, கட்டின கை.

எனக்கு அந்த நிலை தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் மல்லாட்டை மண்டியில், மூட்டை கிழிந்ததென்று கணக்குப்பிள்ளை அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதினாறு வயது எனக்கு. பக்கத்திலேயே நின்றேன். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கும் எனக்கும் "சாப்ட்டியா", "ம்" இவ்வளவுதான். இன்றும் அதே மண்டியில்தான் மூட்டை தூக்குகிறார்.

எங்களுக்கு இன்னொரு கை கட்டுகிறவர் வேண்டாம்.

23 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் சின்ன ஐயர் வக்கீல் ஆபீசுக்கே வந்து ஒரு தாள் கொடுத்தார். நேற்று அந்தக் குமாஸ்தா பேசினது முழுக்க. வரி வரியாக, என் கத்தல் உட்பட. நடுவில் ஒரு வரி: "அந்தத் தெருவைத்தான் எழுபத்தொம்பதுலயே அளந்து ஃபைல் போட்டாச்சே, அப்புறம் இன்னாத்துக்குப் புது மனு?"

அளந்தாச்சா? அப்படிச் சொன்னானா? என் காதில் விழவே இல்லை. நான் கத்திக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எப்படி ஞாபகம்?" என்று கேட்டேன்.

"பழக்கம் பிரதர்," என்றார்.

அந்த வரியை வைத்துப் புது மனு டைப் அடித்தேன். நல்ல மனு. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

15 செப்டம்பர், ஞாயிறு

நான் இல்லாத நேரம் சின்ன ஐயர் வீட்டுக்கு வந்தாராம். அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாராம். தங்கை பொன்னி சொன்னாள். "இன்னா பேசினாங்க?" என்றேன். "எனக்கு இன்னா தெரியும்? அப்பா என்னைக் கடைக்கு அனுப்பிட்டாரு. நீயே கேக்கிறதுதான? வாய் இல்லியா?"

அப்பாவுக்கு ஒரு மணி நேரப் பேச்சு இருக்கிறதா?

30 செப்டம்பர், திங்கள்

எழுதியே ஆக வேண்டும்.

வக்கீல் வேலையாக விழுப்புரம் போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது. சின்ன ஐயரும் காலை பாசஞ்சரில் அங்கேதான் வந்திருந்தார். மாதக் கடைசித் திங்களில் பயிற்சியில் இருப்பவர்கள் எல்லாரும் பெரிய ஐயர் வீட்டில் கூடுவார்கள். சேர்ந்து திரும்பலாமே என்று போனேன். ஜன்னல் திறந்திருந்தது. ஐந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய மீசை வைத்த ஒரு ஆள் சின்ன ஐயரின் நோட்டைப் பார்த்துப் பொம்பளை பேசுகிற பேச்சைப் பேசிக்கொண்டிருந்தான்: "அவன் போன அன்னிக்கு எனக்கு அழுவ வரல ஐயரே."

சின்ன ஐயர் அவனுக்குப் பதில் பேசினார். நாடகம்! எங்கள் தெருப் பேச்சை எழுதிக்கொண்டு போய் நாடகம் போடுகிறார்கள். பெரிய ஐயர் தலையாட்டி, "மறுபடியும் அந்த இடத்துலேர்ந்து," என்றார். மறுபடியும் அந்த மீசை: "அழுவ வரல ஐயரே."

இதற்குத்தானா வீடு வீடாகப் போகிறது? அப்பாவிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது இதற்குத்தானா? குமாஸ்தா பேச்சை எழுதினாரே, இதுதான் அந்தப் பழக்கமா? எங்க துக்கம் இவனுங்களுக்குப் பாடம். நாங்க அழுதா இவனுங்களுக்கு மார்க்கு. அதை வெச்சுப் பட்டம் வாங்கிக்கினு வேற ஊருக்குப் பூடுவானுங்க.

யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் வருகிறது. போகட்டும்.

5 அக்டோபர், சனி

ஆலயத்தில் அங்கி மாட்டும் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. மேசை இழுப்பறையில் அந்த நோட்டு. நீல அட்டை. எடுத்துக்கொண்டேன். நாளைக்குக் கமிட்டி.

இடப்பக்கம் பேனாவில் பேச்சு: அவர் சொன்னது, நான் சொன்னது, அவர் சொன்னது. வலப்பக்கம் பென்சிலில் பொடி எழுத்து. அந்த மீசைக்காரன் படித்த பக்கத்தில் காகிதம் சொருகி வைத்தேன். எனக்கு அது போதும்.

6 அக்டோபர், ஞாயிறு

படித்தேன். ஏழு பேர் முன்னால், அவரையும் உட்கார வைத்துவிட்டு, எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன்.

"வெ: பன்னெண்டு வருசம் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு ஐயரே. அவன் போன அன்னிக்கு எனக்கு அழுவ வரல. அப்பாடான்னு ஒரு மூச்சு வுட்டேன். அந்த மூச்சு இன்னும் என்னை வுடல."

"நான்: (ஒரு வசனம் சொன்னேன். எழுந்தேன்.)"

நிமிர்ந்து பார்த்தேன். அவர்மேல் பாய்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர், "வெள்ளையம்மாவா அப்டிச் சொன்னா?" என்றார். இன்னொருவர், "பெத்தவளா அவ? அப்பாடான்னு இருந்திச்சாமே," என்றார்.

அப்போதுதான் உறைத்தது. யார் பேச்சு என்று நான் யோசிக்கவே இல்லை. வெ என்று ஒற்றை எழுத்துதான் இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷம் பிள்ளையைத் தூக்கினவள் எங்கள் தெருவில் எத்தனை பேர்?

துரைக்கண்ணு வாத்தியார் கை நீட்டி நோட்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தார். நான் படிக்காத பக்கத்தை.

"'மூச்சு என்றார்கள். நான் வசனம் என்றேன். அவர்கள் பேச்சு எனக்குப் பயமாக இருந்தது. அதை மூட வசனத்தை எடுத்தேன். எழுந்து போகச் செருப்பை எப்போது தேடினேன்? அவர்கள் இடுப்பு என்று சொல்லும்போதே. திரும்பப் போக வேண்டும். வாயைத் திறக்காமல்.'"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "டேய் யோசுவா. பாதியை எடுத்தாந்து முழுசுன்னு வாசிச்சியா? வக்கீல் ஆபீசுல இதான் கத்துக்கினியா?"

சின்ன ஐயர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முதல் எழுத்துகூடப் போட்டிருக்கக் கூடாது. பூட்டி வெச்சிருக்கணும். என் தப்பும் இருக்குது," என்றார். நோட்டை வாங்கும்போது என்னிடம் மெதுவாக, "உங்க வீட்டுக்கு வந்தப்ப எழுதின பக்கத்தைப் படிச்சீங்களா?"

"இல்ல."

"சரி. அது உங்க அப்பா எனக்குச் சொன்னது. தெரிஞ்சிக்கணும்னா அவரைக் கேளுங்க."

படிவத்தை அடுத்த கமிட்டிக்குத் தள்ளி வைத்தார்கள். இப்போது எல்லாரும், "சின்ன ஐயருகிட்ட இனிமே வாயைத் தொறக்கக் கூடாது, நோட்டுல ஏறிடும்," என்கிறார்கள். பட்டம் கிடைக்காது போலிருக்கிறது. அதுதானே நான் கேட்டது?

7 அக்டோபர், திங்கள்

தெரு முழுக்க அதே பேச்சு. பொன்னி எனக்குச் சோறு போடவில்லை. வெறும் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

13 அக்டோபர், ஞாயிறு

வெள்ளையம்மாள் அக்கா ஆராதனைக்கு வரவில்லை. பெண்கள் பக்கம், தூணுக்கு அருகே அவள் பாய் போடும் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

15 அக்டோபர், செவ்வாய்

ஐயர் வீட்டுக்குப் போனேன். கேப்பைக் களி கிளறிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவன், கேட்கத் தெரியாமல், "அந்த நாடகம் எதுக்கு?" என்றேன்.

சொன்னார். கல்லூரியில் மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் விடுவார்களாம். பகலில் வார்டில் உட்கார வேண்டும். சாயங்காலம், அன்று பேசின ஒரு பேச்சை ஞாபகத்திலிருந்து அப்படியே எழுத வேண்டும். மறுநாள் பத்து பேர் வட்டமாக உட்கார்ந்து அதை இரண்டு குரலில் படிப்பார்கள். எழுதினவன் ஐயர், நோயாளிக் குரலுக்கு இன்னொருவன். ஊரும் பேரும் சொல்லக் கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. படித்து முடித்ததும் கேள்வி: இங்கே ஏன் பேச்சை மாற்றினாய்? இங்கே ஏன் கடிகாரம் பார்த்தாய்? இது அவருக்கான ஜெபமா, நீ எழுந்து போவதற்கான ஜெபமா?

"அந்த மீசைக்காரரு அந்தப் பேச்சைப் பேசறப்பதான் எனக்கு அவங்க சொன்னதே காதுல விழுந்துச்சு. நேர்ல விழல," என்றார்.

"ஒரு வாட்டி படிச்சிக் காட்டினா போதாதா?"

"ஒரே பக்கத்தை நாலு வாட்டி எழுதச் சொல்லியிருக்காங்க பிரதர். எபிரேயத்துல பெயிலாவல, இதுல பெயிலாயிருக்கேன்."

ஐயர் படிப்பு என்றால் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லித் தருகிறார்கள். நான் பார்க்காத கோர்ட்டா? அங்கே எவனும் தன்னைத் தானே இப்படிக் கேட்டுக்கொண்டு பார்த்ததில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

களி கொடுத்தார். சாப்பிட்டேன். கடைசியாக, "தப்பு பண்ணிட்டேன் ஐயரே," என்றேன்.

"என்கிட்ட சொல்றது சுளுவு," என்றார். "அங்க போங்க."

19 அக்டோபர், சனி

போனேன். அக்கா முறத்தை நகர்த்தி இடம் கொடுக்கவில்லை.

"வாடா செயலாளரு. இன்னும் இன்னா பாக்கி? மைக் கட்டி வாசிக்கப் போறியா?"

நின்றேன்.

"உன் படிப்புல தீய வெக்க. பஜார்ல மூஞ்சி காட்ட முடியல என்னால. குழாயடியில பேச்சை நிறுத்திக்கினு பாக்குறாளுங்க."

"தப்புதான்க்கா."

"தப்புன்னா ஆயிடுச்சா?"

வெகு நேரம் அவள் உரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளாகவே சொன்னாள். "அந்தச் சின்ன ஐயரு மேல எனக்குக் கோவம் இல்ல. மொதல் தபா வந்து வசனம் சொல்லிட்டு ஓடிட்டாரு. ரெண்டாம் தபா வந்தாரு. முறத்துல பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கினு உரிச்சாரு. பேசவே இல்ல. பொழுது சாயற வரைக்கும். அன்னிக்குத்தான் எனக்கு அழுவ வந்துச்சு. ஒரு வருசம் கழிச்சு."

பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு மரம் மாதிரி நிக்கிற? உக்காருறதுன்னா உக்காரு, இல்ல கெளம்பு."

உட்கார்ந்தேன். மல்லாட்டை உரிப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. நகக்கண் வலிக்கிறது.

26 அக்டோபர், சனி

மறுபடியும் போனேன். அரை முறம்.

14 நவம்பர், வியாழன்

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். சின்ன ஐயர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு லுங்கியோடு எங்கள் தெருக் கூரைகளின் ஒழுக்கை அடைக்க ஏறிக்கொண்டிருக்கிறார். ஏறத் தெரியவில்லை. இரண்டு முறை சறுக்கினார். கீழே நின்றவர்கள் சிரித்துச் சிரித்து, "ஐயரே, கிரேக்கத்துல ஏறாதீங்க, தமிழ்ல ஏறுங்க!" இப்போது அவரிடம் எல்லாரும் பேசுகிறார்கள்.

17 நவம்பர், ஞாயிறு

கமிட்டி. நான் டைப் அடித்துக் கொண்டுபோனதைப் படித்தேன். இந்த முறை இரண்டு பக்கமும்.

"தெரியாதவை: பாட்டு. தாள் இல்லாமல் பிரசங்கம். கூரை ஏறுதல். பேய் ஓட்டத் தெரியுமா என்று சொல்ல இயலவில்லை. இதுவரை பேய் வரவில்லை. தெரிந்தவை: ஒருவர் பேசினால் கடைசி வரை கேட்கத் தெரியும். தான் கேட்காமல் போன இடம் எது என்று கண்டுபிடிக்கத் தெரியும். அங்கே திரும்பிப் போகத் தெரியும். இம்மூன்றும் இச்சபையில் வேறு யாருக்கும் தெரியவில்லை, செயலாளர் உட்பட. அவருடைய நோட்டை அவர் அனுமதியின்றி எடுத்து, ஒரு சகோதரியின் துக்கத்தைக் கமிட்டியில் வாசித்தது செயலாளரின் குற்றம். பயிற்சி ஊழியரின் குற்றம் அன்று. குருப்பட்டம் கொடுக்கப் பரிந்துரைக்கிறோம்."

வாத்தியார் பேயை மட்டும் அடிக்கச் சொன்னார். "பேராயர் ஆபீசுல சிரிப்பாங்கடா." அடித்தேன். "செயலாளர் குற்றம்னு இருக்கே, அதையும் எடுத்துடலாமா?" என்றார் ஒருவர். "அது இருக்கட்டும்," என்றார் வாத்தியார். நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு நான் ராஜினாமாக் கடிதத்தை வைத்தேன். வாத்தியார் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை.

12 ஜனவரி 1986, ஞாயிறு

விழுப்புரத்தில் குருப்பட்ட ஆராதனை. பேராயர் தலையில் கை வைத்தபோது சின்ன ஐயர் காது சிவந்துபோனது. கீர்த்தனையை அவரை விட்டே எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். எங்கேயோ தொடங்கி எங்கேயோ போனது. திண்டிவனத்துக்காரர்கள் முப்பத்தெட்டு பேரும் ஓங்கிப் பாடி அவரைக் காப்பாற்றினோம்.

வெள்ளையம்மாள் அக்கா வந்திருந்தாள். திரும்பும் பாசஞ்சரில் பொன்னிக்கும் எனக்கும் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து, "ஐயரு பாட்டு மட்டும் திருந்தாது," என்றாள்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். மண்டி லீவு. பொன்னி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா வாசலில் டீயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சின்ன ஐயர் நோட்டு மாதிரி ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். அப்படியே.

நான்: ப்பா. அன்னிக்கு மண்டியில, நீ ஏன் கையைக் கட்டிக்கினு நின்ன?

அப்பா: (டீயைக் கீழே வைத்தார்.) சின்ன ஐயரு சொன்னாரா?

நான்: இல்ல. உன்னைக் கேக்கச் சொன்னாரு.

வலப்பக்கம்: எட்டு வருஷமாக என்னிடம் இருந்த கேள்வி. குற்றப்பத்திரிகை மாதிரி வைத்திருந்தேன். கேள்வி மாதிரி இன்றுதான் கேட்டேன்.

அப்பா: அவன் அடிச்சப்ப நான் அவனைப் பாக்கல. உன்னைத்தான் பாத்தேன். உன் கையில மூட்டைக் கொக்கி இருந்திச்சு.

நான்: என் கையிலயா?

அப்பா: சொவத்துல மாட்டியிருந்தத எடுத்துட்ட. எப்ப எடுத்தியோ. ஓங்கிக்கினு நிக்கிற. நான் கையைத் தூக்கியிருந்தா நீ எறக்கியிருப்ப. அவன் செத்திருப்பான்.

வலப்பக்கம்: கொக்கி. எனக்கு நினைவே இல்லை. அடி நினைவிருக்கிறது. அப்பாவின் கை நினைவிருக்கிறது. என் கை நினைவில்லை.

அப்பா: நான் கையைக் கட்டினா நீயும் கீழ போட்டுடுவன்னு நெனச்சேன். போட்டுட்ட. சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

வலப்பக்கம்: இங்கே எழுந்து உள்ளே போகத் தோன்றியது. செருப்பு காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

அப்பா: டீ ஆறிப்பூடுச்சு. நீ குடிக்கிறியா?

நான்: குடு.

வலப்பக்கம்: இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டம்ளரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவரும் எழுந்திருக்கவில்லை.